“புரிந்துவிட்டது” என்றால் போதுமா?

இயற்கணிதத்தில் உங்கள் முன்னேற்றத்தை நீங்களே அளப்பது எப்படி?

மேலே படிக்கும் முன் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள கட்டத்தில் என்ன எண் வர வேண்டும்?

8 + 4 = □ + 5

எழுதிவிட்டீர்களா? இப்போது அதன் பக்கத்திலேயே இன்னோர் எண்ணையும் எழுதுங்கள். உங்கள் விடை சரி என்பதில் முழு உறுதி இருந்தால் 3, கொஞ்சம் ஐயம் இருந்தால் 2, வெறும் ஊகம் என்றால் 1.

சரியான விடை 7. இடப்பக்கம் 12 என்றால் வலப்பக்கமும் 12 ஆக வேண்டும். இதே கேள்வியை அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. ஏறக்குறைய எல்லாருமே 12 என்றோ 17 என்றோ எழுதியிருந்தார்கள். அவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. சமக்குறியை ‘விடையை இங்கே எழுது’ என்னும் கட்டளையாக அவர்கள் படித்திருந்தார்கள். தொடக்கப்பள்ளியில் ஆண்டுக்கணக்கில் அந்தக் குறிக்கு அடுத்து விடைதானே வந்தது? இயற்கணிதத்திலோ அது தராசின் முள். இரு தட்டும் சமம் என்று மட்டுமே அது சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 12 என்று எழுதியவருக்கு ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. கூட்டல் சரியாக வந்துவிட்டது, மனமும் நிறைந்துவிட்டது. இயற்கணிதத்தில் பலர் பின்தங்குவது இப்படித்தான். தெரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

தவறாகக் காட்டும் மானி

பாடம் முடிந்ததும் ‘சிந்தனை மீட்சி’ எழுதச் சொன்னால் பெரும்பாலான ஏடுகளில் ஒரே மாதிரி வரிகளைப் பார்க்கிறேன். “இன்றைய பாடம் புரிந்தது. இன்னும் முயற்சி செய்வேன்.” எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது வேறு, இருப்பது வேறு.

நான் கற்பிக்கும் பாசிர் கூடாங் ஆலைகள் நிறைந்த ஊர். இங்குள்ள ஜோகூர் துறைமுகம் 1977-இல் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி இரசாயன ஆலைகளும் செம்பனை எண்ணெய்க் கிடங்குகளும் பெருகின. அவற்றில் வேலை செய்யும் உறவினர் இருந்தால் அழுத்தமானியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். குழாய்களில் பொருத்தியிருக்கும் அந்தக் கருவிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, சரியான அளவைக் காட்டுவது உறுதியான வேறொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதற்கு அளவுத்திருத்தம் என்று பெயர்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியை எதற்காகச் சோதிக்க வேண்டும்? முள் நின்றுபோன மானியை எல்லாரும் கவனித்துவிடுவார்கள். தவறான அளவைக் காட்டிக்கொண்டு ஓடும் மானியை எல்லாரும் நம்புவார்கள். ஆபத்து இரண்டாவதில்தான் அதிகம்.

“புரிந்தது”, “புரியவில்லை” என்று சொல்லும் உங்கள் மனமும் ஒரு மானிதான். அதற்கும் அளவுத்திருத்தம் தேவை. தன் அறிவைத் தானே கண்காணிக்கும் இந்தத் திறனை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970-களில் தனியே பெயரிட்டு ஆராயத் தொடங்கினார். தமிழில் இதை ‘அறிதலைப் பற்றிய அறிதல்’ எனலாம்.

மனம் ஏன் ஏமாறுகிறது?

2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்னும் இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு வேளையும் படித்தது. இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. ஆனால் “ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்?” என்று முன்பே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம்.

அது உரைநடை. கணிதத்தில் எப்படி? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்பு மாணவர்களை வைத்து டக் ரோரரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நேர்கோட்டு வரைபடம், சாய்வு ஆகிய கணக்குகளை ஒரு பகுதியினர் ஒரே வகையாக அடுத்தடுத்துச் செய்தார்கள். மற்றவர்கள் வெவ்வேறு வகைக் கணக்குகளோடு கலந்து செய்தார்கள். மீள்பார்வை முடிந்து ஒரு நாள் கழித்து நடந்த தேர்வில் கலந்து செய்தவர்களுக்கு 80 விழுக்காடு, ஒரே வகையாகச் செய்தவர்களுக்கு 64. முப்பது நாள் கழித்துத் தேர்வெழுதியவர்களில் கலந்து செய்தவர்களுக்கு 74, மற்றவர்களுக்கு 42.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. பயிற்சி நூலில் ‘அடைப்பை விரிவுபடுத்துக’ என்ற தலைப்பின் கீழ் இருபது கணக்குகள் இருந்தால், மூன்றாவது கணக்குக்குப் பிறகு யோசிக்கவே தேவையில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. கை தானாக ஓடும், இருபதும் சரியாக வரும், “எனக்கு வந்துவிட்டது” என்று மனமும் சொல்லும். தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அங்கே கேள்வி. அந்தப் பயிற்சியோ நடக்கவே இல்லை.

தெரிவது, புரிவது, செய்வது

நம் நாட்டில் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்துக்கான பிடி3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டன. அதன் பின் வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவு நிலைகள் முன்பைவிட முக்கியமாயின. உங்கள் அறிக்கை அட்டையில் 1 முதல் 6 வரை வரும் எண் அதுதான். கணிதப் பாடத்தில் அதன் பொருளைக் கவனித்திருக்கிறீர்களா? அடிப்படையைத் தெரிந்திருப்பது நிலை 1. புரிந்துகொண்டதைக் காட்டுவது நிலை 2. புரிந்ததைக் கொண்டு எளிய வேலையைச் செய்வது நிலை 3. எளிய வழக்கமான சிக்கல்களைத் தீர்ப்பது 4, சிக்கலானவற்றைத் தீர்ப்பது 5, முன்பு பார்த்திராத கணக்கைப் புதிதாகச் சிந்தித்துத் தீர்ப்பது 6.

“புரிந்துவிட்டது டீச்சர்” என்று நீங்கள் உண்மையாகவே சொன்னாலும் அது ஆறு படிகளில் இரண்டாவது படிதான். பலகையில் ஆசிரியர் போடும் கணக்கைப் பின்தொடர முடிவது புரிதல். வெற்றுத் தாளில் அதை நீங்களே தொடங்கி முடிப்பது அடுத்த படி. பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்த இடைவெளியின் விலை அதிகம். முதலாம் படிவத்தில் இயற்கணிதக் கோவைகள், நேரியல் சமன்பாடுகள். இரண்டாம் படிவத்தில் காரணிப்படுத்தல், சூத்திரங்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது. அறிவியல் வகுப்பில் இதை நான் நேரில் பார்க்கிறேன். ‘மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை’ என்பதை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர், மின்தடையைக் கண்டுபிடி என்றால் நின்றுவிடுகிறார். “எனக்கு மின்னியல் வராது” என்கிறார். அவருக்கு மின்னியல் வருகிறது. வராதது, முந்தைய ஆண்டில் ‘புரிந்தது’ என்று கடந்துவந்த சமன்பாடு.

எழுத்தின் பின்னால் இருப்பது எண்

இனி, அளவிடும் வழிகளுக்கு வருவோம். பாடநூலில் வரும் எக்ஸ், வை என்ற எழுத்துகளுக்குப் பதிலாக இங்கே தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்துகிறேன். எழுத்து எதுவானாலும் கணக்கு மாறாது.

மற்றப் பாடங்களுக்கு இல்லாத ஒரு வசதி இயற்கணிதத்துக்கு உண்டு. உங்கள் விடை சரியா என்பதைப் பெரும்பாலும் நீங்களே சோதித்துவிடலாம். இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்.

4(க − 3) = 2க + 6

ஒருவர் அடைப்பை விரிக்கும்போது இரண்டாம் உறுப்பை மறந்து 4க − 3 = 2க + 6 என்று எழுதுகிறார். அவருக்கு க = 4.5 என்று கிடைக்கிறது. அதை முதல் வரியில் போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 4 × 1.5 = 6, வலப்பக்கம் 9 + 6 = 15. தராசு சாய்ந்துவிட்டது. சரியாக விரித்தால் 4க − 12 = 2க + 6. எனவே 2க = 18, க = 9. சோதித்தால் இரு பக்கமும் 24. இதற்கு அரை நிமிடம் போதும், விடைத்தாள் தேவையில்லை. ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில், கணக்கைத் தீர்க்கும் நான்கு படிகளில் கடைசிப் படியாக ‘திரும்பிப் பார்த்தல்’ என்பதை வைத்தார். பலரும் விட்டுவிடும் படியும் அதுதான்.

சுருக்குதலையும் இப்படிச் சோதிக்கலாம். நாசி லெமாக் ஒரு பொட்டலம் ந ரிங்கிட், தே தாரே ஒரு குவளை த ரிங்கிட். மூன்று பொட்டலமும் இரண்டு குவளையும் வாங்கினால் 3ந + 2த ரிங்கிட். இதை 5நத என்று எழுதுபவர்கள் உண்டு. விலையைப் போட்டுப் பாருங்கள். ந = 3, த = 2 என்றால் 3ந + 2த = 13. ஆனால் 5நத = 5 × 3 × 2 = 30. ஐந்து பொருளுக்கு 30 ரிங்கிட் கேட்டால் கொடுப்பீர்களா?

ஓர் எச்சரிக்கை. இரண்டு விலையையும் 1 என்று வைத்துச் சோதித்தால் 3 + 2 = 5, 5 × 1 × 1 = 5. தவறான விடையும் சரிபோல் தெரியும்! அதனால் 0, 1 ஆகியவற்றைத் தவிர்த்து, இரண்டு வெவ்வேறு எண்களை வைத்துச் சோதியுங்கள்.

இந்தத் தவறு நம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1970-களில் பதின்ம வயதினரின் இயற்கணித அறிவை ஆராய்ந்த டீட்மர் குச்செமன், பலர் எழுத்தை எண்ணாகப் பார்க்காமல் பொருளாகவே பார்ப்பதைக் கண்டார். ‘ந’ என்பது நாசி லெமாக் அன்று, அதன் விலை. பெரியவர்களும் இதில் சறுக்குவார்கள். “இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர். மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை பே. சமன்பாட்டை எழுதுக” என்று அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேரிடம் கேட்டார்கள். 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினர். பெரும்பாலோர் எழுதியது 6ம = பே. எண்ணைப் போட்டால் குட்டு வெளிப்படும். பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர். 6 × 60 எப்படி 10 ஆகும்? சரியானது ம = 6பே.

கவனக்குறைவா, கருத்தா, மொழியா?

தவறான விடைக்குப் பக்கத்தில் “கவனக்குறைவு” என்று எழுதி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் தவறுக்குச் சரியான பெயர் வைக்காவிட்டால் அதற்கு மருந்தும் கிடைக்காது. மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை, கைத்தவறு: 7 × 8 = 54 என்று எழுதுவது போல. இரண்டாம் வகை, கருத்துப்பிழை: −3(க − 2) என்பதை −3க − 6 என்று விரிப்பது போல. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கைத்தவறு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வரும். அதே இடத்தில் நான்கு முறை வந்தால் அது கவனக்குறைவு அன்று.

மூன்றாம் வகை, மொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு, முதலாம் படிவத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர்கிறீர்கள். உறுப்பு ‘செபுத்தான்’ ஆகிறது, கெழு ‘பெக்காலி’ ஆகிறது. சொற்களின் வரிசையும் மாறுகிறது. “தோலாக் 5 டாரிபாடா க” என்ற மலாய்த் தொடரில் 5 முதலில் வருகிறது. அதனால் பலர் 5 − க என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள்: “க-விலிருந்து 5-ஐக் கழி.” க முதலில் வருகிறது, பிறகு 5. நமக்கு வேண்டியதும் க − 5 தான். தாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் சிக்கல் கணக்கில் இருக்கிறதா, சொல்லில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சொல்லில் இருந்தால் கூடுதல் கணக்குகள் போட்டுப் பயனில்லை. ஒரு சிறு சொற்பட்டியல் போதும்.

குறைத்துக் காட்டும் மானியும் தவறானதே

இதுவரை தன்னை மிகுதியாக மதிப்பிடுபவர்களைப் பற்றிப் பேசினோம். இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். கணக்கைச் சரியாகச் செய்திருப்பார்கள். பக்கத்து மாணவரின் விடை வேறாக இருந்தால் தம்முடையதை அழித்துவிடுவார்கள். “எனக்குக் கணக்கு வராது” என்ற வாக்கியத்தை எங்கோ கேட்டு, நம்பி, சுமந்து வருபவர்கள் இவர்கள். நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் எடுக்கலாமா என்ற கேள்வி வரும்போது, சான்றைப் பார்க்காமல் அந்த வாக்கியத்தை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். அப்போது ஒரு கதவு மூடிக்கொள்கிறது. மதிப்பெண்ணைக் கேட்டால் அந்தக் கதவு மூடியிருக்க வேண்டியதே இல்லை.

இருவருக்கும் ஒரே அளவுத்திருத்தம்தான். ஒவ்வொரு கணக்கையும் செய்து முடித்ததும், விடையைச் சரிபார்க்கும் முன், உறுதியை 3, 2, 1 என்று எழுதுங்கள். பிறகு சரிபாருங்கள். ‘3, சரி’ என்று வந்தால் அந்த இடம் உங்களுடையது. ‘1, சரி’ என்று அடிக்கடி வந்தால் நீங்கள் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர். அதற்கான சான்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. ‘1, தவறு’ என்பது இனிமேல் படிக்க வேண்டியது. ‘3, தவறு’ என்பதைக் கண்டால் வருந்தாதீர்கள். 2001-இல் பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் என்னும் ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டறிந்தார்கள். மிக உறுதியாக நம்பிச் செய்த தவறே, சரியான விடையைக் காட்டிய பிறகு எளிதில் திருந்துகிறதாம். எதிர்பாராத அதிர்ச்சி கவனத்தை இழுத்து நிறுத்துவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் 3 என்று முன்பே எழுதியிருந்தால்தான் அந்த அதிர்ச்சி கிடைக்கும்.

அடுத்த முறை சிந்தனை மீட்சி எழுதும்போது இப்படி எழுதிப் பாருங்கள்: “−3(க − 2). உறுதி 3. தவறு, −3க − 6 என்று எழுதினேன். வெளியே உள்ள −3 உள்ளே இருக்கும் −2-ஐயும் பெருக்க வேண்டும், எனவே +6. வகை: கருத்துப்பிழை. அடுத்த திங்கள்கிழமை இதே வகையில் இரண்டு கணக்கு.” உங்கள் ஆசிரியருக்கும் இதைப் படித்தால் என்ன உதவி செய்வது என்று உடனே விளங்கும். அந்தத் திங்கள்கிழமை வந்ததும் குறிப்பைப் பார்க்காமல் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்தும் வந்தால் அதுதான் முன்னேற்றம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஐந்தும் வெவ்வேறு வகை. ஒவ்வொன்றுக்கும் உறுதி எண்ணை எழுதிய பிறகே விடைகளைப் பாருங்கள்.

1. சுருக்குக: 3க + 2ப + 4க
2. ஓர் எண்ணிலிருந்து 5-ஐக் கழித்து, வந்ததை 3-ஆல் பெருக்கினால் 21. அந்த எண் எது?
3. விரிவுபடுத்துக: −2(க − 7)
4. தீர்வு காண்க: 5க − 4 = 2க + 11
5. ஒரு கடையில் தோசையைப் போல் நான்கு மடங்கு ரொட்டி சானாய் விற்பனையாகிறது. ரொட்டியின் எண்ணிக்கை ர, தோசையின் எண்ணிக்கை த. சமன்பாட்டை எழுதுக.

விடைகள்: (1) 7க + 2ப. (2) 12. (3) −2க + 14. (4) க = 5; இரு பக்கமும் 21. (5) ர = 4த.

எத்தனை சரி என்பதை மட்டும் எண்ணாதீர்கள். உங்கள் உறுதி எண் எத்தனை இடங்களில் உண்மையைச் சொன்னது என்பதையும் எண்ணி, ஏட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.